மீள்பெறுமானமும் பொறுப்பும்: சாதனச் செலுத்திகளின் ஒருமைப்பாடு குறித்து ஒரு நோக்கு

ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைக் கணினியிற் சேமிக்கிறார். சேமிப்பு நிறைவுற்றது எனத் திரை அறிவிக்கிறது. மறுநாள் கோப்பைத் திறந்தபோது பாதிப் பக்கங்கள் அங்கில்லை. வட்டு பழுதுற்றிருக்கலாம். ஆயின் வட்டின் பழுதும் திரையின் பொய்யும் இரு வேறு விடயங்களாகும். எந்தப் பொறியும் என்றோ ஒருநாள் பழுதுறும். அது பொறியின் இயல்பு. திரை பொய் கூறியமையோ மனிதர் எழுதிய நிரலின் விளைவு. 'என்னால் எழுத முடியவில்லை' என்று வட்டு விடுத்த செய்தி, பயனரை அடையுமுன் இடைப்பட்ட படிகளில் ஏதோ ஒன்றிலே கைவிடப்பட்டதனாலேயே அப்பொய் தோன்றிற்று.

இச்செய்தி பயணஞ் செய்யும் வடிவம் மிக எளியது. அது ஓர் எண். அவ்வெண்ணுக்குப் பொருள் கொள்வதில் நிரலாளரிடையே நிலவிய ஒவ்வாமையையும், அதனை நீக்குவதற்கு லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் அண்மைக்காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம். இது நிரலாளரின் உள்வீட்டு விவகாரம் எனத் தோன்றக்கூடும். ஒருவரையொருவர் கண்டிராத பல்லாயிரம் பேர் ஒரே படைப்பிலே உழைக்கும்போது, தவறு நேர்ந்தால் யார் யாருக்கு அறிவிப்பது, அறிவிக்கப்பட்டவர் என்ன செய்வது என்னும் வினாவே இதன் அடியில் உள்ளது.

சில சொற்களை முதலில் விளக்குதல் தகும். கணினியின் வன்பொருளை ஆண்டு, ஏனைய செய்நிரல்கள் இயங்குவதற்கு இடமளிப்பது பணிசெயல் முறைமை. அதன் மையப் பகுதியைக் கரு என்பர். வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை போன்ற ஒவ்வொரு வகைச் சாதனத்தின் தனித்தன்மையையும் அறிந்து, அதற்கும் கருவுக்கும் இடையே நின்று பணிபுரியும் நிரலே சாதனச் செலுத்தி (டிரைவர்). நிரல்கள் யாவும் சார்புகள் எனப்படும் சிறு கூறுகளால் ஆனவை. ஒரு சார்பு மற்றொன்றை அழைத்து வேலை வாங்குகிறது. அழைக்கப்பட்ட சார்பு, வேலை முடிந்ததும் ஒரு பெறுமானத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனையே நாம் மீள்பெறுமானம் என்கிறோம்.

எண்ணின் வரலாறு

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது. பி.டி.பி.-11 பொறியில் இயங்கிய யுனிக்ஸில், கருவிடம் கேட்ட பணி தவறினால், செயலியின் ஒரு துணுக்கு 1 ஆக்கப்பட்டு, தவறின் வகையைக் குறிக்கும் எண் ஒரு பதிவகத்தில் வைக்கப்பட்டது. சி மொழியில் எழுதுவோருக்கு இது −1 என்ற விடையாகவும், 'எர்நோ' என்ற மாறியிலே உள்ள எண்ணாகவும் தோற்றமளித்தது. 5 எனின் உள்ளீட்டு வெளியீட்டு வழு. 12 எனின் நினைவகம் போதாது. 16 எனின் சாதனம் வேறு அலுவலில் உள்ளது. 19 எனின் அத்தகைய சாதனம் இல்லை. 22 எனின் கொடுத்த பெறுமானம் பொருந்தாது.

1991இல் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வெண்களை ஏற்றுக்கொண்டது. அதன் கருவினுள்ளே சார்புகள் வழுக்குறியை மறையெண்ணாகத் திருப்புவது வழக்கமாயிற்று. வெற்றி எனின் 0. வட்டு வழு எனின் −5. இவ்வளவில் விடயம் தெளிவானதே. சிக்கல் யாதெனில், கருவினுள்ளே இஃது ஒன்றே வழக்கமன்று என்பதாகும்.

'இச்சாதனம் உளதா?' என வினவும் சார்பு, உளது எனின் 1, இலது எனின் 0 எனத் திருப்புகிறது. இங்கே 0 என்பது இன்மையைக் குறிக்க, முன்னைய வழக்கிலோ 0 வெற்றியைக் குறிக்கிறது. நினைவக முகவரியைத் திருப்பும் சார்புகள் மூன்றாம் வகையின. அவற்றுட் சில, தவறு நேர்ந்தால் வெற்று முகவரியைத் திருப்புகின்றன. வேறு சில, முகவரி வெளியின் இறுதி 4095 இடங்களை வழுக்குறிகளுக்கென ஒதுக்கி, அவற்றுள் ஒன்றைத் திருப்புகின்றன. சாதனத்தின் பதிவகங்களைச் செலுத்திக்கு எட்டச் செய்யும் இரு சார்புகள் இதற்குத் தக்க சான்று. 'டெவ்எம்-ஐஓரீமாப்' என்பது தவறும்போது வெற்று முகவரியைத் தரும். அதன் உடன்பிறப்புப் போன்ற 'டெவ்எம்-ஐஓரீமாப்-ரிசோர்ஸ்' என்பதோ வழுக்குறியைப் பொதிந்த முகவரியைத் தரும். ஒன்றுக்குரிய சோதனையை மற்றொன்றுக்குச் செய்த செலுத்தி, தவறை வெற்றியெனக் கொண்டு மேலே செல்லும். பின்னர் இல்லாத முகவரியைத் தொட்டு முறைமையையே வீழ்த்தும்.

இவ்வகைக் குழப்பத்தைத் தவிர்க்க லினக்ஸின் நிரல்நடைக் கையேடு ஒரு விதியை வகுத்துள்ளது. சார்பின் பெயர் ஒரு செயலைக் கட்டளையிடுவதாயின், அது வழுக்குறியைத் திருப்புக. பெயர் ஒரு கூற்றாயின், உண்மை அல்லது பொய் எனத் திருப்புக. பெயரைக் கண்ட மாத்திரத்தே விடையின் வகை புலப்படவேண்டும் என்பதே இதன் கருத்து. விதி நன்று. ஆனால் விதி எழுதப்படுமுன் எழுந்த நிரல்களும், விதியைப் படியாதவர் எழுதிய நிரல்களும் நிலைத்தே நின்றன.

பொருள் மாறிய பூச்சியம்

சாதனம் ஒன்று செயலியின் கவனத்தை ஈர்ப்பதற்கு அனுப்பும் குறிப்பைக் குறுக்கீடு என்பர். தனது சாதனத்துக்குரிய குறுக்கீட்டின் இலக்கத்தை அறிவதற்குச் செலுத்தி ஒரு சார்பை அழைக்கிறது. அது நேரெண்ணைத் திருப்பினால் இலக்கம். மறையெண்ணைத் திருப்பினால் வழு. 0 வந்தால் என்ன பொருள்? நெடுங்காலம் இதற்குத் திட்டமான விடை இருக்கவில்லை. ஒரு செலுத்தி 0 இலும் குறைந்ததை மட்டும் வழுவெனக் கொண்டது. இன்னொன்று 0ஐயும் வழுவெனக் கொண்டு, வந்த பெறுமானத்தை அப்படியே தன்னை அழைத்தவருக்குத் திருப்பிற்று.

இந்த இரண்டாவது செயலின் விளைவைச் சற்று நுணுகி நோக்குவோம். செலுத்தி தன் சாதனத்தை ஏற்றுக்கொள்ளும் சார்பினுள் நிற்கிறது. குறுக்கீட்டு இலக்கம் 0 என வருகிறது. இது வழு எனத் தீர்மானித்து, மேற்கொண்டு எதுவும் செய்யாது, 0 என்றே திருப்புகிறது. அதனைப் பெறும் கருவின் மொழியிலோ 0 என்பது வெற்றி. எனவே சாதனம் ஆயத்தமாகிவிட்டது எனக் கரு பதிவு செய்துகொள்கிறது. உண்மையில் அது பாதியிலே கைவிடப்பட்டிருக்கிறது. இருவரும் தத்தம் நோக்கிற் சரியாகவே நடந்தனர். இருவருக்கும் இடைப்பட்ட உடன்பாடே பிழைத்தது. இச்சார்பு இனி 0ஐத் திருப்பாது எனப் பின்னர் உறுதி செய்யப்பட்டது. பல செலுத்திகளைத் தனித்தனியே திருத்துவதிலும் பார்க்க, விடை தரும் இடத்திலேயே ஐயத்தை நீக்கியது பொருத்தமான தீர்வாகும்.

விடையை மாற்றிச் சொல்லுதல் மற்றொரு குறை. ஒரு திரைக்கு மின்னூட்டும் சிறு சாதனம் வேறொரு செலுத்தியின் பொறுப்பில் இருக்கலாம். கணினி தொடங்கும்போது அச்செலுத்தி இன்னும் ஆயத்தமாகாதிருப்பின், 'பின்னர் முயல்க' என்னும் பொருளுடைய −517 என்ற விடை வரும். 2012இல் லினக்ஸிற் புகுத்தப்பட்ட இவ்விடையைத் திரைச் செலுத்தி அப்படியே மேலே அனுப்பினால், கரு அச்சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இட்டு, வேறு செலுத்திகள் ஆயத்தமானபின் மீண்டும் முயலும். ஆனால் பல செலுத்திகள், எந்த மறையெண் வந்தாலும் அதனை விடுத்துத் தாமாக −19 என்று, அதாவது சாதனம் இல்லை என்று, திருப்பும் பழக்கமுடையனவாயிருந்தன. அவ்வாறு செய்யின் கரு மீண்டும் முயலாது. செலுத்திகள் எழும் ஒழுங்கைப் பொறுத்து, ஒரே திரை ஒரு கணினியில் ஒளிரும். மற்றொன்றில் இருண்டே கிடக்கும். பெற்ற விடையைப் பெற்றவாறே அனுப்புதல் இங்கு வெறும் நேர்த்தி பற்றிய விடயமன்று. அவ்வெண்ணின் பொருளை அறிந்தவர் மேலே இருக்கிறார் என்பதை இடையில் நிற்பவர் மதித்தலாகும். வழுவைப் பதிவேட்டில் எழுதுவதையும், −517ஆயின் வீணே கூக்குரலிடாது காரணத்தை மட்டும் குறித்து வைப்பதையும், அதே பெறுமானத்தைத் திருப்புவதையும் ஒருங்கே செய்யும் துணைச்சார்பு ஒன்று 2020இல் ஏற்படுத்தப்பட்டது. சரியான வழியே எளிதான வழியாகவும் அமையும்போதுதான் ஒழுங்கு பரவுகிறது என்பதற்கு இது சான்று.

குறை எத்துணைப் பெரிது?

இவை அருகிய நிகழ்ச்சிகளல்ல. லினக்ஸ், ஓப்பன் பி.எஸ்.டி. ஆகியவற்றின் கருக்களை ஆராய்ந்த ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர், செலுத்திகளின் வழு வீதம் கருவின் ஏனைய பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை உயர்ந்திருக்கக் கண்டனர். 2001இல் வெளிவந்த அவ்வாய்வு, செலுத்திகளையே கருவின் நலிந்த அங்கமாகக் காட்டிற்று. 2008இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர், லினக்ஸ் 2.6இன் கோப்பு முறைமைகளிலும் மூன்று முதன்மையான சேமிப்புச் செலுத்திகளிலும் வழுக்குறிகள் செல்லும் வழியைத் தொடர்ந்து சென்று பார்த்தனர். 1153 அழைப்புகளில், அதாவது 13 வீதமானவற்றில், வழுக்குறி எவராலும் கவனிக்கப்படாது கைவிடப்பட்டிருந்தது. நாம் தொடக்கத்திற் கூறிய திரையின் பொய் எங்கே பிறக்கிறது என்பதை இவ்வெண் உணர்த்தும்.

நிலைமை மாறாததன்று. 2011இல் பிரான்சிய ஆய்வாளர் முன்னைய ஆய்வை மீண்டும் நிகழ்த்தியபோது, செலுத்திகளின் வழு வீதம் குறைந்து, கருவின் வேறு சில பகுதிகளுக்கும் கீழே சென்றிருந்தது. உழைப்புச் செலுத்தப்பட்ட இடத்திற் குறை தணிந்தது எனலாம்.

கேட்பாரற்ற விடை

மேற்கூறியவை யாவும் விடையைச் சரியாகச் சொல்லுதல், சரியாகக் கேட்டல் பற்றியவை. இனி நாம் நோக்கப்போவது, விடையே தேவைதானா என்ற வினா.

ஒரு சாதனம் கணினியிலிருந்து நீங்கும்போது, அதன் செலுத்தியின் அகற்றற் சார்பைக் கரு அழைக்கும். பெற்ற வளங்களையெல்லாம் செலுத்தி திருப்பிக் கொடுக்கவேண்டிய வேளை அது. பி.சி.ஐ., யு.எஸ்.பி. ஆகிய இணைப்பு வகைகளில் இச்சார்பு எதனையும் திருப்புவதில்லை. ஆனால் ஐ-2-சி, எஸ்.பி.ஐ., பிளற்போம் எனப்படும் வகைகளில் அஃது ஓர் எண்ணைத் திருப்புமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஒரே பணிக்கு இரு வேறு உடன்படிக்கைகள் இருந்தன.

எண்ணைத் திருப்பும் உரிமை தரப்பட்டதால், செலுத்தி எழுதுவோர் அதற்குப் பொருள் உண்டென நம்பினர். அகற்றும் வேளையிற் சாதனத்தை முறையாக அணைக்க, முதலில் அதற்கு மின்னூட்டவேண்டும். மின்னூட்டல் தவறினால், அவ்விடத்திலேயே வழுக்குறியைத் திருப்பிவிட்டு வெளியேறினர். 'என்னால் இப்போது நீங்க இயலாது' எனக் கருவிடம் கூறிவிட்டோம், கரு மீண்டும் அழைக்கும் என்பது அவர்தம் எண்ணம்.

கருவோ அவ்விடையைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தவும் முடியாது. ஒருவர் சாதனத்தைக் கையாற் பிடுங்கிவிட்டபின், போகாதே என யாரிடம் கூறுவது? ஆகவே கரு அகற்றலைத் தொடர்ந்து நிறைவேற்றியது. செலுத்திக்கென ஒதுக்கிய நினைவகத்தையும் விடுவித்தது. செலுத்தி இடையில் வெளியேறியமையால், வேறு துணைமுறைமைகளிற் பதிந்திருந்த அதன் பெயர் நீக்கப்படாமலே எஞ்சியது. பின்னர் எவரேனும் அப்பதிவின் வழியே சாதனத்தை நாடினால், விடுவிக்கப்பட்டு வேறொருவருக்கு உரியதாகிவிட்ட நினைவகத்தையே தொடுவர். முறைமை வீழலாம், அதனினுங் கொடிதாக, வீழாமல் தரவுகளைக் கெடுக்கலாம்.

இங்கு வழுவின் வேர் செலுத்தி எழுதியவரின் கவனக்குறைவு அன்று. பொருளற்ற உரிமையொன்றைப் பொருளுள்ளதுபோற் காட்டிய அமைப்பே வேராகும். கேட்பாரற்ற முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டிவைப்பது, பெட்டியே இல்லாமையினுந் தீயது. பெட்டியை நம்பியவர் தம்மாலான முயற்சியையும் கைவிடுகிறார் அல்லவா?

தீர்வு, அம்மீள்பெறுமானத்தை அகற்றிவிடுவதாக அமைந்தது. எதனையும் திருப்ப முடியாத சார்பை எழுதுபவர், தவறு நேர்ந்தாலும் இறுதிவரை செல்லவேண்டியவராகிறார். மின்னூட்டல் தவறினால், வன்பொருளைத் தொடும் படிகளை மட்டும் விடுத்து, செய்தியைப் பதிவேட்டில் எழுதி, ஏனைய வளங்கள் அனைத்தையும் ஒப்படைத்தே வெளியேறுவார்.

இதிலிருந்து, மீள்பெறுமானம் குறைதல் எப்போதும் நன்று என முடிவு கட்டலாகாது. எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. லினக்ஸிற் குறுக்கீட்டைக் கவனிக்கும் சார்புகள் முன்னர் எதனையும் திருப்பவில்லை. 2003இல் அவை 'கவனித்தேன்' அல்லது 'என்னுடையதன்று' எனத் திருப்புமாறு மாற்றப்பட்டன. ஒரே குறுக்கீட்டுக் கோட்டைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும்போது, எவருமே கவனியாத குறுக்கீடு ஓயாது எழுந்து செயலியை முடக்கவல்லது. இப்போது கரு விடைகளை எண்ணிவருகிறது. 100,000 குறுக்கீடுகளில் 99,900க்கு மேற்பட்டவை கவனிப்பாரற்றுப் போயின், அக்கோட்டையே அடைத்துவிடுகிறது. இங்கே விடையைப் பெறுபவரால் ஒரு செயல் புரிய முடிகிறது; ஆகவே விடை வேண்டப்படுகிறது. அங்கே முடியவில்லை; ஆகவே விடை நீக்கப்படுகிறது. இரு மாற்றங்களும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே.

மாற்றம் நிகழ்ந்தவாறு

கோட்பாடு எளிது, நடைமுறை அரிது. பிளற்போம் வகையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செலுத்திகள் இருந்தன. சார்பின் வகையை ஓரிடத்தில் மாற்றினால், அவையனைத்தும் ஒரே வேளையில் தொகுப்பியாற் புறக்கணிக்கப்படும். எனவே படிப்படியாகச் செல்லவேண்டியதாயிற்று. 2021இல் இணைப்பு வகைகளுக்குப் பொதுவான அகற்றற் சார்பு மாற்றப்பட்டது. 2022இல் எஸ்.பி.ஐ., ஐ-2-சி ஆகியன மாறின. அவற்றில் முதலில் ஒவ்வொரு செலுத்தியும் 0ஐ மட்டுமே திருப்புமாறு திருத்தப்பட்டு, அதன்பின் வகை மாற்றப்பட்டது. பிளற்போம் வகைக்கு 2023இல் வெளியான 6.3ஆம் பதிப்பில், எதனையும் திருப்பாத புதிய சார்பு ஒன்று தற்காலிகப் பெயருடன் பழையதன் அருகே வைக்கப்பட்டது. செலுத்திகள் ஒவ்வொன்றாகப் புதியதற்குப் பெயர்ந்தன. 2024இல் வெளியான 6.11ஆம் பதிப்பிற் பழைய பெயரும் புதிய வகையையே ஏற்றது. அதன்பின் செலுத்திகள் பழைய பெயருக்கே மீண்டன. தற்காலிகப் பெயர் நீக்கப்பட்டது.

இவ்வுழைப்பிற் பெரும்பகுதி, ஒரே வகைத் திருத்தத்தை நூற்றுக்கணக்கான கோப்புகளிற் செய்தலாகும். இதற்குப் பயன்படும் கருவிகளுட் குறிப்பிடத்தக்கது, பிரான்சிலும் கொப்பன்ஹேகனிலும் உள்ள ஆய்வாளர்கள் உருவாக்கிய கொக்சினெல் என்பது. மாற்றவேண்டிய நிரலின் பொது வடிவத்தை ஒருமுறை எழுதிக் கொடுத்தால், அவ்வடிவம் வருமிடமெல்லாம் அது தேடித் திருத்தும். எனினும் இடையில் வழுக்குறியைத் திருப்பிய செலுத்திகளை எக்கருவியாலும் தானே திருத்த இயலாது. விடுபட்ட படிகள் யாவை, எவ்வொழுங்கில் நிறைவேற்றவேண்டும் என்பதை மனிதரே படித்துணர வேண்டும்.

இம்முயற்சிக்கு மறுப்புரைகளும் உண்டு. நன்கு இயங்கும் நிரலை ஏன் தொடவேண்டும் என்பர் சிலர். ஒவ்வொரு மாற்றமும் புதிய பிழைக்கு இடந்தரும். பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டு செல்வோரின் வேலையும் கடினமாகும். இவை புறக்கணிக்கத்தக்க மறுப்புகளல்ல. ஆயின் புதிதாக எழுதுவோர் பழைய செலுத்தியைப் பார்த்தே எழுதுகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. தவறான முன்மாதிரி ஒன்று நிற்குமளவும் அதன் படிகள் பெருகிக்கொண்டேயிருக்கும். இயங்குகிறது என்பதனால் மட்டும் ஒரு வழக்கம் சரியானதாகிவிடாது.

இம்மாற்றத்தை இயலச்செய்த சூழ்நிலையும் கவனத்துக்குரியது. லினக்ஸின் செலுத்திகளிற் பெரும்பாலானவை ஒரே களஞ்சியத்தில், எவரும் படித்துத் திருத்த முன்மொழியக்கூடிய நிலையில் உள்ளன. கருவின் உள் உடன்படிக்கைகள் மாறாதிருக்கும் என்ற உறுதிமொழியை அதன் ஆக்குநர் எவருக்கும் அளிப்பதில்லை. உடன்படிக்கையை மாற்றுபவரே அதனாற் பாதிக்கப்படும் செலுத்திகளையும் திருத்திக் கொடுப்பது அங்குள்ள மரபு. செலுத்திகள் ஒவ்வொரு நிறுவனத்தின் பூட்டிய பெட்டியினுள்ளும் தனித்தனியே கிடந்திருப்பின், பிழையென அறிந்தபின்னரும் பழைய உடன்படிக்கையைக் கைவிட முடியாதிருந்திருக்கும். பொதுவுடைமையாக உள்ள நிரலிலேயே பொதுவான திருத்தம் கைகூடிற்று.

முடிவாக, ஒருமைப்பாடு என்பது எல்லாச் சார்புகளும் ஒரே எண்ணைத் திருப்புதல் அன்று. ஒவ்வொரு விடைக்கும் ஒரே பொருள் இருத்தல், அதனைப் பெறுபவர் அப்பொருளின்படி செயற்பட வல்லவராயிருத்தல், செயற்பட இயலாதவரிடம் விடை அனுப்பப்படாதிருத்தல் ஆகிய மூன்றுமே அதன் இலக்கணமாகும். இவை நிறைவேறினாலும் வட்டுகள் பழுதுறும்; மின்னூட்டல் தவறும். ஆனால் பழுதுற்ற செய்தி இடைவழியிற் சாகாது, அதுபற்றி ஏதேனும் செய்யக்கூடியவரிடம் சென்றடையும். சேமிப்பு நிறைவுற்றது எனத் திரை கூறும்போது பயனர் அதனை நம்புவதற்கு உரிய நியாயமும் அப்போதுதான் உண்டாகும்.